பழைய போர்ஷேக்கு ஓவர்-ரெவ் ரிப்போர்ட்: டாங்கிள், டியூராமெட்ரிக், டீலர் – எது காசுக்குப் பெறும்?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்தில் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் தேடினால் வண்டி உள்ளூரில் இருக்காது. சென்னையிலோ பெங்களூரிலோ கொச்சியிலோ நிற்கும். வாட்ஸ்அப்பில் நாற்பது போட்டோ வரும். கூடவே, "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, சண்டே மட்டும்தான் சார் எடுப்பாங்க" என்று தரகரின் குரலும் வரும். வாரத்தில் ஆறு நாள் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற மனிதர் ஏழாம் நாள் வண்டியை எப்படி ஓட்டினார் என்பது இன்ஜின் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். போர்ஷேயில் அந்தக் கம்ப்யூட்டரிடமே கேட்டுவிடலாம். இன்ஜின் எல்லை மீறிச் சுழன்ற கணக்கு அது. அதற்குப் பெயர் ஓவர்-ரெவ் ரிப்போர்ட். அந்த இன்ஜின் கம்ப்யூட்டருக்கு டி.எம்.இ. என்று பெயர் என்பதால் டி.எம்.இ. ரிப்போர்ட் என்றும் சொல்வார்கள்.

இந்த ரிப்போர்ட்டை எடுக்க இப்போது மூன்று வழி இருக்கிறது: சல்லிசான ப்ளூடூத் டாங்கிள், டியூராமெட்ரிக் கேபிள், டீலரின் பைவிஸ் கருவி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மேனுவல் கியர் 911, பாக்ஸ்டர், கேமன் என்றால் இந்த ரிப்போர்ட் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. பி.டி.கே., டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக் என்றால் ஓவர்-ரெவ் எண்ணுக்காக இல்லாவிட்டாலும், அதே தாளில் வரும் இன்னொரு எண்ணுக்காக எடுக்கலாம். டாங்கிளை நம்பி வாங்குவது வீண்.

முதலில் இந்த எண் எதை அளக்கிறது என்று பார்க்கலாம். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ரெவ் லிமிட்டர் குறுக்கே வந்து எரிபொருளை நிறுத்திவிடும். அதனால் இன்ஜின் தானாக ரெட்லைனை, அதாவது அதன் ஆர்.பி.எம். உச்ச வரம்பை, தாண்டி வெகுதூரம் போகாது. தவறான கியர் விழும்போது கதை வேறு. அப்போது இன்ஜினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரம். லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது. 997 தலைமுறை 911 கரேராவின் கியர் விகிதத்தில் கணக்குப் போட்டால் தெரியும்: இரண்டாவது 2.32, மூன்றாவது 1.61, நான்காவது 1.28. மூன்றாம் கியரில் 7000 ஆர்.பி.எம்.மில் போகும்போது நான்கு போட்டால் 5600-க்கு இறங்கும். நான்குக்குப் பதில் இரண்டு விழுந்தால் 10,000-ஐத் தாண்டும். நான்கிலிருந்து ஐந்து போடப் போய் மூன்று விழுந்தால் 8800. நம் ஊர் வலது ஸ்டீயரிங் வண்டியில் லீவர் இடது கையில் இருக்கிறது. மூன்றிலிருந்து நேராகப் பின்னுக்கு இழுக்காமல் கை கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளினால், விழுவது இரண்டாம் கியர்தான்.

அந்தக் கண நேரத்தில் இரண்டு இடத்தில் அடி விழும். வால்வு ஸ்பிரிங்கால் அவ்வளவு வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து அதை வளைத்துவிடும். இது உடனே தெரியும் சேதம்: ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும், கம்ப்ரெஷன் போயிருக்கும். மற்றொன்று கனெக்டிங் ராடு போல்ட்; பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் தண்டைப் பிடித்திருப்பது. அதன் மீதான இழுவிசை ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தில் ஏறும். 7300-லிருந்து 8800-க்குப் போனால் சுமார் 45 சதவீதம் அதிகம். 10,000-க்குப் போனால் 88 சதவீதம் அதிகம். போல்ட் ஒரு மயிரிழை நீண்டிருந்தாலும் அன்றைக்கு வண்டி வீடு வந்து சேரும். ராடின் அடிமுனையில் உள்ள பிக் எண்ட் பேரிங் தளர்ந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அடுத்த ஓனர் கையில் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த அடுத்த ஓனர் நீங்களாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் செலவு.

தாளை வாசிப்பது

ரெட்லைனுக்கு மேலுள்ள ஆர்.பி.எம்.மை இந்தத் தாள் ரேஞ்ச் ரேஞ்சாகப் பிரித்துக் காட்டும். 996 (911), 986 (பாக்ஸ்டர்) காலத்து வண்டிகளில் இரண்டே ரேஞ்ச். 997 (911), 987 (பாக்ஸ்டர், கேமன்) முதல் ஆறு. 997 கரேராவில் எல்லைகள் சுமாராக இப்படி: முதல் ரேஞ்ச் 7300 முதல் 7500 வரை, இரண்டாவது 7700 வரை, மூன்றாவது 7900 வரை, நான்காவது 8400 வரை, ஐந்தாவது 9500 வரை, அதற்கு மேல் ஆறாவது. ஜிடி3 போன்ற அதிக ஆர்.பி.எம். இன்ஜினுக்கு எல்லைகள் மேலே நகரும். ஒரு மாடலின் அட்டவணையை வைத்து இன்னொன்றை எடை போடக் கூடாது.

ஒவ்வொரு ரேஞ்சுக்கும் எதிரே இரண்டு எண் இருக்கும். முதலாவது, அந்த ரேஞ்சுக்குள் நடந்த இக்னிஷன், அதாவது சிலிண்டர்களில் பொறி விழுந்த எண்ணிக்கை. வாங்க வருபவர்கள் பயந்து ஓடுவது இதைப் பார்த்துத்தான். "எட்டாயிரம் தடவை ஓவர்-ரெவ் ஆகியிருக்கு" என்று அலறுவார்கள். அது தடவைக் கணக்கே அல்ல. ஆறு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று இக்னிஷன். 7400 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 370. ஆகவே முதல் ரேஞ்சில் 8000 என்பது வண்டியின் ஆயுள் முழுக்கச் சேர்த்து 22 விநாடிதான். லிமிட்டரைத் தொடும்படி நாலு தடவை விரட்டி ஓட்டினாலே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிடும். 2016 முதல் வந்த 718 (பாக்ஸ்டர், கேமன்) நான்கு சிலிண்டர் வண்டியில் சுற்றுக்கு இரண்டு இக்னிஷன். அதே எண் அங்கே கூடுதல் நேரத்தைக் குறிக்கும்.

இரண்டாவது எண், அந்த ரேஞ்ச் கடைசியாகத் தொடப்பட்டபோது இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தது என்பது. தாளிலேயே முக்கியமானது இதுதான். ஆனால் பல இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மேனுவல் 997, மீட்டரில் 52,000 கிலோமீட்டர், மொத்த இன்ஜின் மணி 1310. ரேஞ்ச் 1-ல் 8420, ரேஞ்ச் 2-ல் 610, ரேஞ்ச் 3-ல் 48, ரேஞ்ச் 4-ல் 31, அது நடந்தது 402-ஆம் மணியில். 8000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 400 இக்னிஷன் என்றால் 31 என்பது விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கிளட்சை உடனே மிதித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு 908 மணி, அதாவது ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வளைந்த வால்வோடு ஒரு இன்ஜின் அவ்வளவு ஓடாது. லீக்-டவுன் சோதனை (சிலிண்டரில் காற்று கசிகிறதா என்று பார்ப்பது) சரியாக வந்தால் இந்த வண்டியை வாங்கலாம். விலை குறைக்க ஒரு பிடியும் கிடைத்தது.

அதே 31, 1306-ஆம் மணியில் நடந்திருந்தால்? மொத்தம் 1310. கியர் தவறிய நான்கே மணி நேர ஓட்டத்தில் வண்டி விற்பனைக்கு வந்திருக்கிறது. எண்ணிக்கை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் இதை விட்டுவிடுவதுதான் எங்கள் ஆலோசனை. ஆறு ரேஞ்ச் உள்ள வண்டியில் ரேஞ்ச் 1, 2-க்குக் கவலை வேண்டாம். ரேஞ்ச் 3 ஒரு கேள்விக்குறி. ரேஞ்ச் 4 இருந்தால், அதற்குப் பின் குறைந்தது 100 மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும், லீக்-டவுனும் தேவை. ரேஞ்ச் 5, 6 என்றால் எத்தனை மணி கடந்திருந்தாலும் இன்ஜின் பிரித்துப் பார்த்த பில் இல்லாமல் தொடக் கூடாது.

தாள் நம்பகமானதா என்று அந்தத் தாளை வைத்தே சோதிக்கலாம். இன்ஜின் 9000-த்திலிருந்து இறங்கும்போது கீழே உள்ள எல்லா ரேஞ்சையும் கடந்துதான் இறங்கும். ஆகவே கீழ் ரேஞ்சின் கடைசி மணி, மேல் ரேஞ்சின் மணிக்குச் சமமாகவோ அதற்குப் பிந்தியோதான் இருக்க முடியும். ரேஞ்ச் 6-ல் எண் இருந்து 4, 5 காலியாக இருந்தால் அது இன்ஜின் சுழன்ற கணக்கு அல்ல. சென்சர், வயரிங் கோளாறைச் சந்தேகிக்கலாம். எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். மீட்டரில் 60,000 கிலோமீட்டர், டி.எம்.இ.யில் 150 மணி என்றால் சராசரி வேகம் 400 கி.மீ. ஆகிறது. அதாவது டி.எம்.இ. பெட்டியையே மாற்றியிருக்கிறார்கள். ஏன் மாற்றினார்கள் என்று விற்பவர் பில்லோடு விளக்கட்டும். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், முன் கண்ணாடி அடியில் உள்ள எண், டி.எம்.இ.க்குள் பதிந்த எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எரர் கோடை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ இந்த ரேஞ்ச் கணக்கு அழியாது என்பது நமக்குச் சாதகம்.

மூன்று வழிகள்

ப்ளூடூத் டாங்கிள்: இ.எல்.எம்.327 வகை. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஓவர்-ரெவ் ரேஞ்சுக்குள் இதனால் நுழையவே முடியாது. எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பொதுவான ஓ.பி.டி. தகவலை மட்டும் படிக்கும். ஆனால் ஒரு வேலைக்கு உதவும். எரர் கோடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை முறை இன்ஜின் சூடேறியிருக்கிறது என்று காட்டும். "எந்த எரரும் இல்ல சார்" என்று காட்டும் வண்டியில் அந்தத் தூரம் 6 கிலோமீட்டர் என்று வந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் துடைத்திருக்கிறார்கள். வாகனத்தைப் பார்க்கப் போகும்போது பையில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் இதற்கு மதிப்பில்லை. மலிவு நகல்களில் பாதி வழியில் இணைப்பு அறுவதும் சகஜம்.

டியூராமெட்ரிக்: போர்ஷேக்காகவே அமெரிக்காவில் செய்யப்படும் கேபிளும் மென்பொருளும். விண்டோஸ் லேப்டாப் கட்டாயம். 996, 997, 986, 987 வண்டிகளுக்கு ரேஞ்ச், மணி, மொத்த மணி எல்லாமே படிக்கும்; இந்தத் தலைமுறைகளுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். புதிய மாடல்களுக்கு அவர்களின் மாடல் பட்டியலைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்வது நல்லது. எந்தூசியாஸ்ட் கிட் மூன்று வண்டிகளோடு பூட்டிக்கொள்ளும்; மூன்று சேசிஸ் எண் பதிவானதும் நான்காவதைத் திறக்காது. ஆகவே பார்க்கும் வண்டிகளுக்கெல்லாம் செருகி வீணாக்கக் கூடாது. வாங்கப் போகும் ஒன்றுக்கும் வாங்கிய பின் பராமரிப்புக்கும் என்று வைத்துக்கொண்டால் காசுக்குப் பெறும். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் ப்ரோ கிட் சரி.

எடுக்கும் முறை எளிது. பேட்டரியில் முதலில் சார்ஜர் மாட்ட வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்கள் மாதக்கணக்கில் நிற்பவை, இக்னிஷனைப் போட்டு வைத்தால் வோல்டேஜ் இறங்கி மாட்யூல்கள் பாதியில் பேச்சை நிறுத்திவிடும். டிரைவர் கால் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள போர்ட்டில் கேபிள், இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். மாடலையும் டி.எம்.இ.யையும் தேர்ந்தெடுத்து, ஆக்சுவல் வேல்யூஸ் பட்டியலில் ஓவர்-ரெவ், ஆப்பரேட்டிங் ஹவர்ஸ் இரண்டையும் டிக் செய்து சேமிக்க வேண்டும். சேசிஸ் எண் தெரியும்படி ஒரு பக்கம், மீட்டர் தெரியும்படி ஒரு போட்டோ. பத்து நிமிட வேலை.

டீலர் பைவிஸ்: கம்பெனியின் சொந்தக் கருவி. எந்த மாடலையும் படிக்கும், சர்வீஸ் வரலாறும் கூடவே வரும். 2012 வாக்கில் வந்த 991 (911), 981 (பாக்ஸ்டர், கேமன்) வண்டிகளுக்கும் 718-க்கும் இதுவே நேர்வழி. சிக்கல் வேறு இடத்தில்: வண்டி விற்பவர் பெயரில் இருக்கிறது, அவர் சம்மதமில்லாமல் உங்களுக்குத் தாள் கிடைக்காது. டெல்டாவிலிருந்து பார்த்தால் சென்னை, கொச்சி, பெங்களூர் ஷோரூம்கள்தான் கதி. தஞ்சாவூரிலிருந்து சென்னை மட்டுமே 340 கிலோமீட்டர் பக்கம். போவதற்கு முன்னால் விற்பவரை அப்பாயின்ட்மென்ட் எடுக்கச் சொல்லி, ரிப்போர்ட்டை உங்களுக்குத் தரலாம் என்று ஒரு வரி கடிதமும் வாங்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் என்று மட்டும் புக் செய்தால் டிக் போட்ட செக்லிஸ்ட்தான் வரும், டி.எம்.இ. தாள் வராது. "எல்லா ரேஞ்சின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் மணி, மொத்த மணி, பிரிண்ட்டாக வேண்டும்" என்று எழுதியே கேட்க வேண்டும்.

வீட்டுக்கே வந்து நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சோதிப்பதாகச் சொல்லும் பொது இன்ஸ்பெக்‌ஷன் சேவைகளை நான்காவது வழியாக எண்ண வேண்டாம். பெயிண்ட் தடிமன், டயர் தேதி, விபத்துத் தடயம் பார்க்க அவர்கள் உதவுவார்கள். "ஸ்கேன் பண்ணியாச்சு, க்ளீன்" என்பது எரர் கோடு இல்லை என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஓவர்-ரெவ் என்பது எரர் கோடாக வராது.

பி.டி.கே., டிப்ட்ரானிக் வண்டியில் நீங்கள் கியரை எப்படித் தட்டினாலும் ரெட்லைனைத் தாண்டவைக்கும் கியரை கம்ப்யூட்டர் ஏற்காது. ரேஞ்ச் 1, 2-ல் எண் இருக்கலாம், அதற்கு மேல் இருந்தால் அதுவே விசித்திரம். ஆனாலும் மொத்த மணி வேண்டும், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று பார்க்க. கிலோமீட்டரை மணியால் வகுத்தால் போதும். சாதாரணமாக 30 முதல் 50 வரை வரும். நகரத்திலேயே கிடந்த வண்டியில் 20-ஐ ஒட்டியும் வரலாம். மீட்டரில் 28,000, டி.எம்.இ.யில் 1900 மணி என்றால் சராசரி 15 கி.மீ.கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்த வண்டிக்கு பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலை நியாயமாகக் காட்ட முடியாது.

தாளுக்கு அடியில்

கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குள் குத்தூசி விட்டு நெல்லைப் பார்ப்பது போலத்தான் இந்த ரிப்போர்ட். ஊசி போன இடத்தைச் சொல்லும், மூட்டையின் அடியைச் சொல்லாது. ரேஞ்ச் 3-க்கு மேல் எதுவும் இருந்தால் லீக்-டவுன் கட்டாயம். சூடான இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல்மட்டத்தில் நிறுத்தி, சுமார் 7 பார் காற்றைச் செலுத்தி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பார்கள். 10-க்குள் என்றால் நல்லது. 20-ஐத் தாண்டினால் வேண்டாம். ஆறில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து தனித்து நின்றால் அதுவே எச்சரிக்கை. காற்று எங்கே சீறுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்: சைலன்ஸர் வழியே என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் இன்டேக் வழியே என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாய் வழியே என்றால் ரிங். பாக்ஸர் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பக்கவாட்டில் அடியில் இருப்பதால் ஹாய்ஸ்டும் அரை நாளும் வேண்டும்.

நீண்ட போல்ட்டை லீக்-டவுன் காட்டாது. அதற்கு ஆயில் ஃபில்டரைத்தான் பார்க்க வேண்டும். மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுப்பு தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாத பளபளப்பு பேரிங்கிலிருந்தோ அலுமினியத்திலிருந்தோ வந்தது. 997, 987-இன் முதல் பதிப்புகள் வரை வந்த எம்96, எம்97 இன்ஜின்களில் ஐ.எம்.எஸ். (இன்டர்மீடியட் ஷாஃப்ட்) பேரிங், சிலிண்டர் சுவர்க் கீறல் என்று தனிப் பிரச்சினைகள் உண்டு. ஓவர்-ரெவ் தாள் சுத்தமாக இருந்தாலும் போரோஸ்கோப் என்ற சிறு கேமராவை சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். 2009 மாடல் முதல் வந்த நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் அந்த ஐ.எம்.எஸ். பேரிங்கே கிடையாது.

நம் பக்கத்துக்கென்று இரண்டு விஷயம். பாக்ஸ்டர் வாங்குபவர்கள் ஐப்பசி மழைக்கு முன் கூரையின் வடிகால் துளைகளைப் பார்க்க வேண்டும்; அடைத்தால் தண்ணீர் சீட்டுக்கு அடியில் இருக்கும் அலாரம் மாட்யூலில் இறங்கும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. பி.ஒய். நம்பர் வண்டி மலிவாகத் தெரியும், அதுவும் காரைக்கால் பக்கத்திலேயே இருக்கிறதே என்று தோன்றும். 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்து ஓட்டினால் மறுபதிவும் இங்கத்திய வரியும் வரும். அதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

அட்வான்ஸ் ரசீதில் இப்படி ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "டி.எம்.இ. ரிப்போர்ட்டில் ரேஞ்ச் 4 அல்லது அதற்கு மேல் பதிவு இருந்தாலோ, மொத்த மணி மீட்டரோடு பொருந்தாவிட்டாலோ முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." ரிப்போர்ட் எடுத்த அன்றைய மீட்டர் எண்ணும் மொத்த மணியும் அதே ரசீதில் இருக்கட்டும். டெலிவரி அன்று மீட்டர் நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் பணத்தை எண்ணும் முன் மறுபடி கேபிளைச் செருகச் சொல்லுங்கள்.